கண்ணிவெடியும் கூலிப்படையும்: 2023 கோடையில் உக்ரைனின் தெற்கில் நடந்தது என்ன?

தலைப்பில் உள்ள கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 2023 கோடையில் மேற்கத்திய டாங்கிகளோடு இறங்கிய உக்ரைன் படை, தெற்கே சாப்போரீஜியாவில் சில கிலோமீட்டரிலேயே ஏன் திணறி நின்றது, மண்ணில் புதைத்த வெடிகள் ஒரு படையையே நிறுத்திவிடுமா என்பது ஒன்று. ரஷ்யாவின் பேர்போன கூலிப்படையான வாக்னர், அதே நேரத்தில் தெற்கில் ரஷ்யா எழுப்பியிருந்த அரணில் நிற்காமல் மாஸ்கோவை நோக்கிக் கிளம்பியது எப்படி என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. தெற்கில் அரண் எழுப்ப ரஷ்யாவுக்குச் சுமார் ஏழு மாதம் வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் உக்ரைனின் கவனத்தையும் குண்டுகளையும் கிழக்கே பாக்முத் நகரத்தில் கட்டிப்போட்டது வாக்னர்தான்.

முதலில் கண்ணிவெடி. பேச்சில் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்றே சொல்லிவிடுகிறோம். களத்தில் அவை இரண்டு வேறு சாமான்கள். ஆள் கால் வைத்தால் வெடிப்பது மிதிவெடி. ரஷ்யாவின் பி.எம்.என் மிதிவெடியில் இருப்பது 240 கிராம் டி.என்.டி வெடிமருந்து. பட்டாம்பூச்சி வடிவத்தில் வானிலிருந்து தூவப்படும் பி.எஃப்.எம்-1இல் 37 கிராம்தான். பாதத்தைச் சிதைக்க அது போதும். டாங்கிக்கு வைப்பது வேறு இனம். அதிகம் புழங்கும் டி.எம்-62 ஏறத்தாழ 10 கிலோ எடை, அதில் 7.5 கிலோ வெடிமருந்து. அதன் வழக்கமான ஃபியூஸ் வேலை செய்யக் குறைந்தது 150 கிலோ அழுத்தம் விழ வேண்டும். எனவே மனிதன் நடந்தால் வெடிக்காது, சங்கிலிச் சக்கரம் ஏறினால் வெடிக்கும். இரண்டையும் கலந்து போடுவதற்கு ஒரே காரணம்தான்: பெரிய வெடியை எடுக்கக் குனியும் பொறியாளரின் காலை எடுக்கச் சின்ன வெடி.

7.5 கிலோ வெடிமருந்து டாங்கியைத் தூள்தூளாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சங்கிலி அறுந்து விழும், ஓரிரு சக்கரங்கள் பிய்ந்து போகும். நல்ல வண்டி என்றால் உள்ளே இருப்பவர்கள் காது அடைத்த நிலையில் உயிரோடு வெளியே வருவார்கள். ஆனால் வண்டி நகராது. நகராத வண்டியின் இடம் எதிரி பீரங்கிக்கு முன்பே தெரியும், ஏனென்றால் வெடிகளை அங்கே போட்டதே அவன்தான். அதன் பின்னால் வரும் வண்டிகள் ஒதுங்கினால் இன்னொரு வெடி, நின்றால் பீரங்கி. யாரும் குறிபார்த்துக் காவல் காக்காத கண்ணிவெடிப் பரப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பொறுமையாக எடுத்துவிடலாம். துப்பாக்கி, பீரங்கி, ட்ரோன் மூன்றும் அதன்மேல் கண் வைத்திருக்கும்போதுதான் அது அரண் ஆகிறது.

அளவைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். சோவியத் கால வழிமுறைப்படி ஒரு டாங்கி எதிர்ப்புப் பரப்பு என்பது மூன்று அல்லது நான்கு வரிசை. வரிசைக்குள் வெடிக்கு வெடி 4 முதல் 6 மீட்டர், வரிசைக்கும் வரிசைக்கும் இடையே 20 முதல் 40 மீட்டர். ஒரு கிலோமீட்டர் முன்னரங்குக்கு 550 முதல் 750 வெடிகள் தேவை. எடையில் சொன்னால் 5.5 முதல் 7.5 டன். ஜி.எம்.இசட்-3 என்கிற வெடி புதைக்கும் வண்டி ஒரு சுமைக்கு 208 வெடிகளை ஏற்றும், ஆகவே மூன்று நான்கு சுமையில் ஒரு கிலோமீட்டர் முடியும். ஆள் பலமோ உயர் தொழில்நுட்பமோ பெரிதாகத் தேவையில்லை. லாரி, சோவியத் கிடங்கில் குவிந்து கிடக்கும் பழைய இருப்பு, கூடவே யாரும் தொந்தரவு செய்யாத சில மாதங்கள் இருந்தால் போதும்.

ரஷ்யா இந்த வழிமுறையையே பின்பற்றியிருந்தால்கூட உக்ரைன் தாண்டியிருக்கலாம். வழிமுறைப்படி பரப்பின் ஆழம் சுமார் 120 மீட்டர். 2023இல் தெற்கில் முக்கியமான இடங்களில் அதை 500 மீட்டர் வரை நீட்டினார்கள். சில இடங்களில் ஒரே குழியில் இரண்டு மூன்று டி.எம்-62ஐ அடுக்கி வைத்தார்கள். இந்த இரண்டு மாற்றங்களும்தான் மேற்கத்திய உபகரணங்களின் கணக்கைக் கவிழ்த்தன.

எப்படி என்று பார்ப்போம். பாதை திறக்க மூன்று கருவிகள் உண்டு. டாங்கியின் முன்னால் மாட்டும் கனமான உருளை, வெடியை முன்கூட்டியே அழுத்தி வெடிக்க வைக்கும். ஒற்றை வெடியைத் தாங்கும். சில அடிகளுக்குப் பிறகு உருளையே உதிரும். அடுக்கி வைத்த மூன்று வெடி என்றால் 22 கிலோ மருந்து. அது உருளையைப் பிய்த்து எறிந்து, தள்ளி வந்த டாங்கியையும் சேர்த்து அடிக்கும். அடுத்தது கலப்பை. மண்ணைக் கிளறி வெடிகளை இரு பக்கமும் ஒதுக்கும். நேர்கோட்டில், மெதுவாக, இளகிய மண்ணில் மட்டுமே நன்றாக வேலை செய்யும். வேர் ஓடிய இடத்திலும் காய்ந்து இறுகிய மண்ணிலும் மேலே எழும்பிவிடும். மூன்றாவது, ராக்கெட்டில் கட்டி எறியும் வெடிமருந்துக் கயிறு. அமெரிக்காவின் மிக்லிக் 107 மீட்டர் நீளம், ஏறத்தாழ 790 கிலோ மருந்து. அது வெடித்தால் சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு 8 மீட்டர் அகலப் பாதை கிடைக்கும்.

இப்போது 500ஐ 100ஆல் வகுங்கள். ஒரே ஒரு பாதைக்கு ஐந்து கயிறு. இழுவை வண்டியில் வரும் மிக்லிக்கில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைச் சுட்டதும் அடுத்த வண்டி, திறந்த 100 மீட்டருக்குள் நுழைந்து அதன் விளிம்பில் நின்று சுட வேண்டும். பிறகு இன்னொன்று. முக்கால் டன் வெடிமருந்தைச் சுமந்தபடி, குறுகலான பாதையில், எதிரி பார்வைக்கு முன்னால். கயிறு வெடித்த பிறகும் எல்லா வெடியும் போய்விடாது. கணநேர அழுத்தத்துக்கு அசையாத ஃபியூஸ் கொண்டவை மிஞ்சும், அதனால் கலப்பை பின்னாலேயே போய்ச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாதையை மட்டும் நம்புவதும் தற்கொலைதான். தாக்கும் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு வேண்டும். இந்தக் கணக்குக்குத் தேவைப்பட்ட பொறியியல் வண்டிகளில் சிறு பங்குதான் உக்ரைனிடம் இருந்தது. பின்லாந்து கொடுத்த, வெடி அகற்றும் லெப்பர்ட் 2-ஆர் வகையில் மொத்தமே ஆறு.

அரணை உடைக்கும் படிமுறை ஐந்து சொல்லில் அடங்கும்: அடக்கு, மறை, பிடி, உடை, பாய். எதிரி பீரங்கியை அடக்கி, புகையால் பார்வையை மறைத்து, பாதை திறக்கும் இடத்தைச் சுற்றிய நிலத்தைப் பிடித்து, பாதையை உடைத்து, நிற்காமல் பாய்வது. முதல் இரண்டும் இல்லாவிட்டால் நான்காவது நடக்காது. 2023இல் முதல் இரண்டும்தான் இல்லை. புகை தரையில் பரவும், மேலே நிற்கும் ட்ரோன் அதைச் சுற்றிப் பார்த்துவிடும். வானில் உக்ரைனுக்குக் கை மேலோங்கவே இல்லை. ரஷ்யாவின் கே.ஏ-52 ஹெலிகாப்டர்கள் எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி நின்று ஏவுகணை விட்டன. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளுக்கு அது எட்டாத தூரம்.

ஜூன் 8 அன்று ஓரிகீவ் பகுதியில், மாலா டோக்மாச்கா கிராமத்துக்குத் தெற்கே நடந்தது இதற்கெல்லாம் ஒரே படத்தில் சாட்சி. ஒரு குறுகலான திறந்த பாதையில் அமெரிக்காவின் பிராட்லி கவச வண்டிகளும் ஒரு லெப்பர்ட் டாங்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நெருங்கி நின்று கிடந்தன. முன்னால் போனது வெடியில் நின்றது, பின்னால் வந்தவை அதைச் சுற்றப் பார்த்து வெடியில் ஏறின, உதவிக்கு வந்தவை வழி இல்லாமல் ஒட்டி நின்றன. வெடி நிறுத்தியது, கொன்றது பெரும்பாலும் பீரங்கியும் ஏவுகணையும். அந்த வண்டிகளிலிருந்து வீரர்கள் பலர் தப்பியதும் உண்மை. சோவியத் காலத்து பி.எம்.பி வண்டியாக இருந்திருந்தால் அத்தனை பேர் நடந்து வந்திருக்க மாட்டார்கள்.

திறந்த பாதை திறந்தே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ரஷ்யாவிடம் ஒரு ராக்கெட் வண்டி இருக்கிறது. 50 குழாய், 5 முதல் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு வெடிகளைத் தூவும். காலையில் துப்புரவு செய்த பாதையில் மதியம் மறுபடி விதைத்துவிடலாம், முன்னே போன அணி பின்வாசல் இல்லாமல் மாட்டிக்கொள்ளும். அதன் பெயர் ‘ஸெம்லெடேலியே’. ரஷ்ய மொழியில் வேளாண்மை என்று பொருள். பெயர் வைத்தவருக்கு நக்கல் கொஞ்சம் கூடுதல்தான்.

சில நாட்களிலேயே உக்ரைன் தளபதிகள் வண்டித் தொடரைக் கைவிட்டார்கள். பத்து இருபது பேர் கொண்ட சிறு குழுக்கள், வயல்களுக்கு நடுவே சோவியத் காலத்தில் காற்றுத் தடுப்புக்காக நட்ட மரவரிசைகளைப் பிடித்து நகர்ந்தன. பொறியாளர்கள் இரவிலும் அந்தியிலும் வயிற்றால் ஊர்ந்து கையால் வெடி எடுத்தார்கள். பகல் வெயிலில் சூடேறிய வெடி, மண் குளிர்ந்த பின்பும் கொஞ்ச நேரம் வெப்பக் கேமராவில் பளிச்சென்று தெரியும். அந்தி நேரத்தில் ட்ரோன் ஏற்றுவது அதற்காக. புதர் மண்டிய வயலில் இந்த உபாயமும் பலிக்காது. வேகம் நாளுக்குச் சில நூறு மீட்டர். ஓரிகீவ் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோபோட்டினே கிராமத்தைக் கைப்பற்றியதாக அறிவிக்க ஆகஸ்ட் 28 ஆனது. அதற்கும் தெற்கே கிடந்த டோக்மாக் நகரம் எட்டவே இல்லை. அந்த நவம்பரில் உக்ரைன் தளபதி ஸாலுஷ்னி, ரஷ்யாவின் கண்ணிவெடித் தடுப்புகள் சில இடங்களில் 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பதாக எழுதினார். ஒரு தொடர்ச்சியான பரப்பு அல்ல அது. பல பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக.

வெடிகளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செர்கெய் சுரோவிகின் 2022 அக்டோபர் 8 முதல் 2023 ஜனவரி 11 வரை ரஷ்யப் படையின் ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்தார். நவம்பரில் ஹெர்சோன் நகரத்தைக் கைவிட்டு டினீப்ரோ ஆற்றின் கிழக்குக் கரைக்கு வந்ததும் தோண்டும் வேலை முழுமூச்சாக நடந்தது. அதனால்தான் அரணுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. முன்னே காவல் நிலைகள், அதன் பின் டாங்கி அகழி, ‘டிராகன் பல்’ எனப்படும் கான்கிரீட் கூம்பு வரிசை, பதுங்குகுழிகள், பிறகு நகரங்களைச் சுற்றித் தனிக் கோட்டை வளையம். பதுங்குகுழியை நேர்கோடாக வெட்டாமல் கோணல்மாணலாக வெட்டுவது அழகுக்கு அல்ல. ஒரு குண்டு உள்ளே விழுந்தாலும் சிதறல் அந்த ஒரு முடுக்கோடு நிற்கும். எதிரி ஒருவன் உள்ளே குதித்தாலும் முழு நீளத்துக்கும் சுட முடியாது.

டிராகன் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மேற்கு எல்லையில் போட்டவை ஒரே கான்கிரீட் அடித்தளத்தில் வேரூன்றியவை. உக்ரைனில் பல இடங்களில் இறக்கியவை மண்மேல் சும்மா வைத்தவை. புல்டோசர் தள்ளினால் நகரும். அதனால் அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. ஆனால் புல்டோசர் அதுவரை வந்து சேர வேண்டுமே. வேலையைச் செய்தது முன்னால் கிடந்த வெடிப் பரப்பு.

இதே வகைக் கூம்புகளை 2022 அக்டோபரில் லுஹான்ஸ்கில் வரிசையாக இறக்கி, ‘வாக்னர் கோடு’ என்று விளம்பரம் செய்தவர் வாக்னரின் தலைவர் எவ்கேனி பிரிகோஷின். அரணும் கூலிப்படையும் சந்திக்கும் முதல் இடம் அது. அதற்கு முந்தைய மாதம்தான் கார்கிவ் பகுதியில் ரஷ்ய முன்னரங்கு சில நாட்களில் சரிந்திருந்தது. அங்கே ஆள் குறைவு, பின்னால் தோண்டிய அரண் இல்லை, ஆழமான வெடிப் பரப்பு இல்லை. அதே உக்ரைன் படை, ஒன்பது மாத இடைவெளி, தலைகீழான முடிவு. இந்த ஒப்பீட்டைப் பார்த்தபின் ‘பயிற்சி போதவில்லை’, ‘டாங்கி போதவில்லை’ என்கிற விளக்கங்கள் எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகின்றன.

அந்த ஒன்பது மாதத்தில் வாக்னர் செய்ததைப் பார்ப்போம். 2022 கோடையிலிருந்து பிரிகோஷின் சிறைகளில் ஆள் எடுத்தார். ஆறு மாத ஒப்பந்தம், உயிரோடு முடித்தால் மன்னிப்பு. 2023 தொடக்கத்தில் அமெரிக்க மதிப்பீட்டின்படி வாக்னரில் சுமார் 50,000 பேர், அதில் 40,000 பேர் கைதிகள். பாக்முத்தில் முறை எளிமையானது, கொடூரமானது. கைதிகளின் சிறு குழு முன்னே போகும். யார் எங்கிருந்து சுடுகிறார் என்பது அவர்கள் விழும்போது தெரியும். அந்த இடத்தை பீரங்கி அடிக்கும். அடுத்த குழு போகும். அனுபவசாலிகள் கடைசியில். பின்வாங்கினால் சொந்தத் தரப்பே சுடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2023 மே 20 அன்று நகரம் பிடிபட்டதாக அறிவித்த பிரிகோஷின், சில நாள் கழித்துத் தன் வாயாலேயே கணக்குச் சொன்னார்: 20,000 பேர் இறந்தனர், பாதி கைதிகள்.

ஒரு நாட்டின் முறைப்படையில் இத்தனை உடல்கள் வந்தால் தாய்மார்கள் கேட்பார்கள், பத்திரிகை கேட்கும். கூலிப்படையில் கேட்க ஆள் குறைவு. கூலிப்படையின் உண்மையான பயன் சண்டைத் திறன் என்பதைவிட இந்தப் பொறுப்பின்மைதான்.

ஆனால் அதே பொறுப்பின்மை கட்டளைச் சங்கிலியையும் அறுக்கும். வாக்னருக்குக் குண்டு கொடுத்தது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். யாருக்கு எத்தனை என்று முடிவு செய்ததும் அதுதான். பிப்ரவரியில் தொடங்கிய குண்டுப் பஞ்சப் புகார், மே 5 அன்று பிணங்களுக்கு நடுவே நின்று அமைச்சர் ஷோய்குவைத் திட்டிய வீடியோவில் வந்து நின்றது. ஜூன் தொடக்கத்தில் அடுத்த குற்றச்சாட்டு: பாக்முத்திலிருந்து தன் ஆட்கள் வெளியேறும் வழியில் ரஷ்யப் படையே கண்ணிவெடி வைத்தது என்றார். ரஷ்ய அதிகாரி ஒருவரை வாக்னர் ஆட்கள் பிடித்து விசாரிக்கும் வீடியோவும் வெளியானது. ஒரே தரப்பின் இரு படைகள் ஒன்றின் வழியில் மற்றொன்று வெடி வைத்ததாகப் பேசும் நிலை வந்தபோது, அந்தக் கூலிப்படையைத் தெற்கு அரணில் நிறுத்துவது யாருக்குத்தான் தோன்றும்? அரணைக் காப்பதற்கு அவசியமானதே பக்கத்து அணியின் மீதுள்ள நம்பிக்கைதான்: தன் இடது பக்கம் யார், எந்தப் பரப்பில் வெடி, எந்த இடைவெளி நமக்கானது என்கிற வரைபடம் கையில் வேண்டும்.

ஜூன் 10 அன்று, தன்னார்வ அணிகள் எல்லாம் ஜூலை 1க்குள் அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாக்னரைத் தனியாக இருக்க விடமாட்டோம் என்பது அதன் பொருள். 23ஆம் தேதி இரவு படை கிளம்பியது, 24 காலையில் தெற்கு ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரத்தில் ராணுவத் தலைமையகம் அதன் கையில். ஒரு பகுதி எம்-4 நெடுஞ்சாலையில் வடக்கே போய், மாஸ்கோவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வரை வந்தது. முன்னரங்கில் அத்தனை வெடியும் அகழியும் இருந்தும் நாட்டுக்குள் ஒன்றும் இல்லை. லிபெட்ஸ்க் பகுதியில் அவசரமாக எக்ஸ்கவேட்டர் வைத்துத் தார்ச்சாலையையே வெட்டினார்கள். வாக்னர் சில ஹெலிகாப்டர்களையும் ஓர் ஐ.எல்-22 விமானத்தையும் சுட்டு வீழ்த்தியது. பெலாரூஸ் அதிபர் லுகஷென்கோ இடையில் பேசி முடித்தபின் படை திரும்பியது.

இப்படி ஒரு கூலிப்படையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 47, கூலிப்படையாளுக்கு ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அதில் ஒன்று, போரிடும் நாட்டின் குடிமகனாக இருக்கக் கூடாது. எனவே உக்ரைனில் ரஷ்யாவுக்காகச் சண்டையிட்ட ரஷ்யக் குடிமகன் எவ்வளவு சம்பளம் வாங்கியிருந்தாலும் அந்த வரையறைக்குள் வரமாட்டான். ரஷ்யாவின் சொந்தக் குற்றவியல் சட்டமோ பிரிவு 359இல் கூலிப்போரைத் தண்டிக்கிறது. தனியார் ராணுவ நிறுவனத்தை அங்கீகரிக்கும் சட்டமும் அங்கே இல்லை. ஆகவே வாக்னர் பல ஆண்டுகள் ‘இல்லாத’ ஒன்றாகவே இயங்கியது. அதை 2014இல் தொடங்கியது தானே என்று பிரிகோஷின் 2022 செப்டம்பரில்தான் ஒப்புக்கொண்டார். கலகம் முடிந்து மூன்றாம் நாள், 2023 ஜூன் 27 அன்று, புதினே மூடியைத் திறந்தார்: 2022 மே முதல் 2023 மே வரை வாக்னர் ஆட்களின் சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் அரசு கொடுத்தது 8,626 கோடி ரூபிள். முழுச் சம்பளத்தையும் அரசே கொடுக்கும் படையில் தனியார் என்று மிச்சமிருந்தது அதன் தலைவர் மட்டும்தான்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா ஒப்பந்தத்தில் ரஷ்யா சேரவில்லை. உக்ரைன் சேர்ந்திருந்தது, 2025 ஜூனில் விலகும் ஆணையில் ஸெலென்ஸ்கி கையெழுத்திட்டார். டாங்கி எதிர்ப்பு வெடிகளை அந்த ஒப்பந்தம் தொடுவதே இல்லை.

ஜூலை 12 அன்று ரஷ்ய அமைச்சகம் வாக்னரிடமிருந்து 2,000க்கும் மேற்பட்ட தளவாடங்களையும் 2,500 டன் குண்டுகளையும் வாங்கிக்கொண்டதாக அறிவித்தது. ஆகஸ்ட் 23 அன்று ட்வேர் பகுதியில் விமானம் விழுந்து பிரிகோஷினும் வாக்னரின் ராணுவத் தளபதி உட்கினும் இறந்தார்கள். சிறையிலிருந்து ஆள் எடுக்கும் வேலை அதற்கு முன்பே அமைச்சகத்தின் கைக்குப் போயிருந்தது. ‘ஷ்டோர்ம்-இசட்’ என்ற பெயரில் கைதிகளின் அணிகள் அந்தக் கோடையிலேயே முன்னரங்கில் இருந்தன. ஆப்பிரிக்க வேலைகள் ‘ஆப்பிரிக்கப் படை’ என்ற பெயரில் அதே அமைச்சகத்தின் கீழ் வந்தன.